ஹாபிள் ஏரியில மீன் இல்ல

எங்க ஊர்ல ஒருத்தன்கிட்டப் போய் "கிரேலிங் மீனை எந்த ஏரியில புடிச்ச?"ன்னு கேட்கிறதும், "உன் பீரோ சாவியை எங்க ஒளிச்சு வச்சிருக்க?"ன்னு கேட்கிறதும் ஒண்ணுதான். கேட்டா அடிக்க மாட்டான். பொய் சொல்லுவான். பாதையில எத்தனை திருப்பம், எந்தப் பாறை மேல நிக்கணும், எத்தனை மணிக்கு மீன் மேல வரும்னு கூசாம விலாவாரியாச் சொல்லுவான். கேட்டவனும் ரொம்ப நன்றின்னு தலையாட்டிட்டு, அந்த ஏரியை மட்டும் விட்டுட்டு மத்த ஏரிக்கெல்லாம் போய்ப் பார்ப்பான். இதுல யாருக்கும் கோவதாபம் கிடையாது. வயோமிங்ல இந்த மலை அடிவாரத்துல பொறந்தவனுக்கு இது ரத்தத்துல ஊறினது. மீனோட படம் எடுத்தாக்கூட வானத்துக்கு நேராத் தூக்கிப் புடிச்சுத்தான் எடுப்போம். பின்னாடி மலைமுகடு விரக்கடை அளவு தெரிஞ்சாப் போதும், எந்த ஏரின்னு கண்டுபுடிக்க ஆளு இருக்கான்.

நான் லமார். டயர் கடை வச்சிருக்கேன், அறுபத்தோரு வயசு. ஏரி விஷயத்துல புளுகுறதுக்கு எங்க ஊர்ல என்னை அடிச்சுக்க ஆள் இல்லைன்னு ஒரு பேரு உண்டு. அதுல எனக்குத் தலைக்கனமும் இருந்துச்சு. இப்ப நினைச்சா என் நாக்கை நானே கடிச்சுத் துப்பணும் போல இருக்கு.

என் தங்கச்சி கோரலியோட புருஷன் எமெட். பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவன். நெப்ராஸ்காவுல சோளக்காட்டுக்கு நடுவுல பொறந்து, இவளைக் கட்டிக்கிட்டு இங்க வந்து முப்பது வருஷம் ஆச்சு. நல்ல மனுஷன். ரொம்ப நல்ல மனுஷன், அதுதான் எனக்கு எரிச்சல். ட்ரவுட் மீன்ல இருக்கிற அத்தனை சாதியையும் புடிச்சுட்டான். கிரேலிங் மட்டும் அவன் கைக்கு வரவே இல்ல.

கிரேலிங் எல்லா ஏரியிலயும் இருக்காது. மீன்துறைக்காரங்க எப்பவோ பிளேன்லேர்ந்து குஞ்சுகளைக் கொட்டியிருப்பாங்க. ஒரு ஏரியில பெருகும், பத்து ஏரியில பூண்டத்துப் போகும். துறை குடுக்கிற பட்டியல்ல பேரு இருக்கும், தண்ணியில மீன் இருக்காது. அந்தப் பட்டியலை வச்சுக்கிட்டு எமெட் வருஷா வருஷம் கோடையில ஒவ்வொரு ஏரியா ஏறி இறங்குவான். நாப்பத்தி மூணு ஏரி பார்த்துட்டான். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தா, "நேத்துப் போனது சும்மா தண்ணித் தொட்டி மச்சான்"னு சிரிப்பான். நான் புடிச்ச கிரேலிங்கோட படம் எங்க சமையல்கட்டுல மாட்டியிருக்கு. அந்த முதுகுத் துடுப்பு புடவைத் தலைப்பு மாதிரி விரிஞ்சு, ஓரமெல்லாம் ஊதாப் புள்ளி. சாப்பிட்டு முடிச்சு அதுக்கு முன்னாடி போய் நிப்பான். வாய்விட்டு ஒண்ணும் கேட்க மாட்டான்.

போன செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை கேட்டுட்டான்.

கோரலி பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தா. எமெட் நாற்காலியை என் பக்கத்துல இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மச்சான், அக்டோபர்ல முட்டிக்கு ஆபரேஷன். அதுக்கப்புறம் மலை ஏறுற சோலியே வேணாங்கிறாரு டாக்டர். இந்த வருஷத்தோட சரி."

"நல்லதாப் போச்சு. வீட்ல உட்கார்ந்து டிவி பாரு."

"விளையாடாத. ஒரே ஒரு தடவை. எங்க புடிச்சேன்னு நிஜமாச் சொல்லு. உன் காலைப் புடிக்கிறேன்."

சத்தியமாச் சொல்றேன், உண்மை தொண்டை வரைக்கும் வந்துச்சு. நான் புடிச்ச ஏரிக்குப் பேரே கிடையாது. மேல போற பாதை ரெண்டாப் பிரியற இடத்துல வலப்பக்கம் திரும்பி, பாறைக்காடு தாண்டி, ஒரு மடிப்புக்குள்ள ஒளிஞ்சு கிடக்கு. பதினோரு வருஷமா எனக்கு மட்டும் தெரிஞ்ச ஏரி. என் பொண்டாட்டி செத்த வருஷம் அங்கதான் போய் உட்கார்ந்து அழுதேன். வாயைத் திறந்தேன். "ஹாபிள் ஏரி"ன்னு வந்துச்சு.

ஹாபிள் இடப்பக்கப் பாதையில ஏழு மைல். அதுல ஒரு காலத்துல கிரேலிங் இருந்தது வாஸ்தவம். பட்டியல்ல இன்னும் பேரு இருக்கு. நாலு வருஷத்துக்கு முன்னாடி பனி கெட்டியா மூடி, மூச்சு முட்டி மொத்தமும் செத்துப்போச்சு. பனி உருகினப்ப நான் மேல போய்ப் பார்த்தேன், கரை முழுக்க வெள்ளை வயிறு. ஊர்ல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. செத்த ஏரி பொய் சொல்றதுக்கு ரொம்ப உபயோகம், அதை எவனாவது வீணாக்குவானா?

"மேற்குக் கரை. ஓடை வந்து விழுது பாரு, அங்க. ஈ மாதிரி கட்டின தூண்டில் போடு, கறுப்புல ரொம்பச் சின்னது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல"ன்னு அடுக்கினேன். நல்லாச் சொன்னேன். எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு.

எமெட் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் மெதுவாக் கண்ணடிச்சான். அட, இவனும் நம்ம ஆளு ஆயிட்டான், இது புளுகுன்னு புரிஞ்சு போச்சு இவனுக்குன்னு நினைச்சு, நானும் சிரிச்சுக்கிட்டே அவன் முதுகுல ஒரு தட்டு தட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை விடியக்காலையில போனவன் ராத்திரி வெகுநேரம் ஆகியும் வரலை. ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் பாதை ஆரம்பிக்கிற இடத்துல நாங்க எல்லாரும் நின்னுக்கிட்டு இருந்தோம். எமெட்டோட பிக்கப் அங்கேயேதான் நின்னுச்சு, கதவு பூட்டி, கண்ணாடியெல்லாம் பனி படிஞ்சு. துணை ஷெரிஃப் ரஸ்கின் வந்திருந்தா. சின்னப் பொண்ணா இருந்தப்ப என் கடைக்கு சைக்கிள் டயர் மாத்த வந்தவ. குதிரையோட அஞ்சு பேரு, கீழே புல்வெளியில ஒரு ஹெலிகாப்டர். தேட வந்தவங்கள்ல வார்டெல்லும் ஒருத்தன். எனக்கு அடுத்தபடியா ஊர்ல பெரிய மீன்காரன் அவன்தான்.

ரஸ்கின் வரைபடத்தை வண்டி மேல விரிச்சா.

"பைலட் சொல்லிட்டாரு, எட்டு மணிக்கெல்லாம் மேகம் கீழ இறங்கிடும். அப்புறம் ரெண்டு நாள் பனி கொட்டப் போவுது. ஒரே ஒரு தடவைதான் பறக்க முடியும். நடுவுல பெரிய முகடு இருக்கு. வலப்பக்கம், இல்லாட்டி இடப்பக்கம், ஏதாவது ஒண்ணைத்தான் ஒழுங்காப் பார்க்கலாம். கோரலி அக்கா, எங்க போறேன்னு சொன்னாரு?"

"அண்ணன் சொன்ன ஏரிக்குன்னாரு. பேரைக் கேட்டேன். அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுடின்னுட்டாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

"நீங்க எந்த ஏரி சொன்னீங்க?"

"ஹாபிள்"னேன். "ஆனா அது பொய்."

வேற ஊரா இருந்தா அங்கேயே என்னைச் செருப்பால அடிச்சிருப்பாங்க. இங்க யாரும் முகம்கூடச் சுளிக்கலை. ரஸ்கின் சாதாரணமா, "சரி, நிஜ ஏரி எது?"ன்னா.

இப்ப நான் செஞ்சதைக் கேளுங்க. வார்டெல் வரைபடத்தை எட்டிப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். நான் ரஸ்கினை வரைபடத்தோட தனியாக் கூட்டிட்டுப் போய், இடது கையால மறைச்சுக்கிட்டு, வலது கை விரலால அந்த ஏரியைத் தொட்டுக் காட்டினேன். மச்சான் உயிரோட இருக்கானா இல்லையான்னு தெரியலை, நான் ஏரியை மறைச்சுக்கிட்டு நிக்கிறேன்! மனுஷனா நான்?

"அப்ப அவரு எந்த ஏரிக்குப் போயிருப்பாரு?"ன்னு ரஸ்கின் கேட்டா.

"வலப்பக்கம்தான். சந்தேகமே வேணாம். அந்தப் படத்தை அவன் ஒவ்வொரு வாரமும் பார்ப்பான். மூலையில ஒரு துண்டு முகடு விழுந்திருக்கு. அதை வச்சுக் கண்டுபுடிச்சிருப்பான்."

"அண்ணே"ன்னு பின்னாலேர்ந்து கோரலி கூப்பிட்டா. எப்ப வந்து நின்னாளோ தெரியலை. "அவரு ஹாபிளுக்குத்தான் போயிருப்பாரு. நீ சொன்னா அவரு நம்புவாரு."

"அடி போடி! முப்பது வருஷமா என் புளுகைக் கேட்டவன். இந்த ஊர்ல ஏரி பேரு சொன்னா எந்தக் கேணையன் நம்புவான்? நான் சொல்லி முடிச்சதும் கண்ணடிச்சான்டி. தெரிஞ்சுதான் கண்ணடிச்சான்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூரா அவரு முகத்தைப் பார்த்தவ நான். கிண்டலாப் போற மனுஷன் முகமா அது? சின்னப் பையன் பொறந்தநாளுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாரு."

"உனக்கு மீன்காரன் புத்தி தெரியாது கோரலி."

"எனக்கு என் புருஷனைத் தெரியும்."

ரஸ்கின் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. பைலட் கீழேர்ந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாரு. "அஞ்சு குதிரையில ரெண்டை இடப்பக்கம் அனுப்பட்டுமா?"ன்னு கேட்டா. வலப்பக்கம் பாறைக்காடு மோசம், அங்க விழுந்திருந்தா தூக்கவே நாலு பேரு வேணும், ஆளைப் பிரிக்காதன்னு நான்தான் சொன்னேன். மலையை என்னைவிடத் தெரிஞ்சவன் அங்க யாரும் இல்ல. அதனால என் பேச்சு எடுபட்டுச்சு. கோரலி பேச்சு எடுபடலை.

ஹெலிகாப்டர் போச்சு. நாப்பது நிமிஷம் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. பைலட் இறங்கித் தலையை ஆட்டினாரு. நான் ஓடிப் போய், "பாறைக்கு அடியில பார்த்தீங்களா? ஓடைப் பள்ளத்துல?"ன்னு கேட்டேன். மூணு சுத்து சுத்திட்டேன் பெரியவரே, ஒரு காலடி கூட இல்லைன்னாரு.

கோரலி சொன்னது அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

"இடப்பக்கம் ஒரு தடவை போங்க"ன்னேன். அவரு மேல கையைக் காட்டினாரு. முகடு தெரியலை. சாம்பல் நிறத்துல மேகம் பாதி மலை வரைக்கும் இறங்கி வந்துடுச்சு. "ஏழு மைல்தான்! அஞ்சு நிமிஷம்!"னு கத்தினேன். அந்த மனுஷன் பொறுமையா என் தோளைப் புடிச்சு, "இதுக்குள்ள போனா நானும் வர மாட்டேன்"னாரு. அவரு சொன்னது சரி. யார் மேல கோவப்பட முடியும்? மத்தியானம் குதிரைக்காரங்களும் வெறுங்கையோட இறங்கி வந்தாங்க. அவங்க தொப்பியில ரெண்டு விரல் கனத்துக்குப் பனி.

பனின்னா அப்படி ஒரு பனி. செப்டம்பர்ல அப்படி நான் பார்த்ததே இல்ல. ராத்திரி பூராக் கொட்டி, திங்கக்கிழமை காலையில பிக்கப்போட சக்கரம் பாதி முங்கிடுச்சு. ரஸ்கின் யாரையும் மேல விடலை. குதிரைக்கே கால் பாவாதுன்னா. நான் அவ பார்க்காத நேரத்துல பின்பக்கமா ஏறிப் போய் இடப்பக்கப் பாதையைப் புடிச்சேன். முதல்ல முழங்கால் வரைக்கும், அப்புறம் தொடை வரைக்கும். எமெட், எமெட்னு கத்துறேன். பனி கொட்டும்போது குரல் போகாது, வாய்க்கு முன்னாடியே விழுந்துடும். ரெண்டு மைல்கூடப் போயிருக்க மாட்டேன், பாதை எது பள்ளம் எதுன்னு தெரியலை. மார் அடைச்சுது. ஒரு மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, ஐயோ ஐயோன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். அதைத் தவிர என்னால ஒண்ணும் செய்ய முடியலை. வார்டெல்தான் என் தடத்தைப் புடிச்சு வந்து என்னை இழுத்துட்டுப் போனான். ரஸ்கின் என்னைத் திட்டலை. பேசாம என் வண்டிச் சாவியை வாங்கித் தன் பையில போட்டுக்கிட்டா.

அன்னைக்கு மிச்சப் பகல் முழுக்க நானும் கோரலியும் எமெட்டோட பிக்கப்ல உட்கார்ந்திருந்தோம். அவகிட்ட இன்னொரு சாவி இருந்துச்சு. உள்ள அவன் சட்டை வாசனை, டேஷ்போர்டுல பள்ளிக்கூடப் பிள்ளைங்க அவனுக்கு வரைஞ்சு குடுத்த படம். யாரோ கொண்டுவந்து குடுத்த சூப்பு அப்படியே ஆறிப்போய் ஏடு கட்டிச்சு. ஹாபிள் இந்தப் பக்கம்னு ஒரு குத்துமதிப்பா ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே இருந்தேன். வெள்ளையைத் தவிர ஒண்ணும் தெரியலை.

"அவருக்குக் குளிர்ல முட்டி வலிக்கும்"னு ஒரே ஒரு தடவை சொன்னா கோரலி. நான் வேற எங்கயாவது பார்க்க முடியுமான்னு தேடினேன்.

செவ்வாய்க்கிழமை வானம் வெளுத்துச்சு. நீலம்னா நீலம், கண்ணு கூசுச்சு. குதிரைங்க அஞ்சும் இடப்பக்கம் போச்சு. மத்தியானம் ஒரு மணிக்கு ரஸ்கினோட வயர்லெஸ் கரகரன்னு பேசிச்சு. அவ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுக் கேட்டா. கோரலி வண்டியிலேர்ந்து இறங்கவே இல்ல. முதுகைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டா.

ஹாபிள் ஏரியோட மேற்குக் கரை. ஈரப் பாறையில வழுக்கி, முட்டிக்குக் கீழ எலும்பு ரெண்டா முறிஞ்சிருந்துச்சு. கையை ஊனி ஊனி ஒரு ஃபிர் மரத்துக்கு அடியில போய்ச் சேர்ந்து, நெருப்பு மூட்டியிருக்கான். சாம்பல் நிறைய இருந்துச்சாம். மூணு தடவையாவது மூட்டியிருப்பான்னு சொன்னாங்க. உடம்பைப் பார்த்த டாக்டர், திங்கக்கிழமை மத்தியானம் வாக்குல உயிர் போயிருக்கும்னாரு. ஞாயித்துக்கிழமை காலையில உயிரோடதான் இருந்தான். அந்தக் கரை பூரா வெட்டவெளி, ஹெலிகாப்டர் தாராளமா இறங்கலாம். முகட்டுக்கு அந்தப் பக்கம் நாப்பது நிமிஷம் அது சுத்தின சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். இப்ப வரும், இதோ வரும்னு உட்கார்ந்திருப்பான்.

ஏன்டா நம்பின? முப்பது வருஷம் இந்த ஊர்ல இருந்தியேடா. நீயும்தானே ட்ரவுட்டுக்குப் பொய் சொல்லுவ? நான் அவ்வளவு நேக்காச் சொல்லிட்டேனா? இல்ல, காலைப் புடிக்கிறேன்னு கேட்டவன்கிட்ட எவனும் பொய் சொல்ல மாட்டான்னு நினைச்சியா? அந்தக் கண்ணடிப்புக்கு அர்த்தம் எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மச்சான்னு சொல்லியிருக்கான். என் ரகசியத்தைக் காப்பாத்துறதா நினைச்சு, கட்டின பொண்டாட்டிகிட்டக்கூடப் பேரைச் சொல்லாமப் போயிருக்கான். சொல்லியிருந்தா அவ அன்னைக்கு ஒத்தைக் காலில நின்னு ஹெலிகாப்டரை இடப்பக்கம் அனுப்பியிருப்பா.

சனிக்கிழமை அடக்கம். அது முடிஞ்சு சர்ச் கூடத்துல சாப்பாடு, பன்றித் தொடைக்கறியும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கும். பஸ்ஸுல வந்த பிள்ளைங்க எல்லாம் அப்பா அம்மாவோட வந்திருந்தாங்க. நான் தட்டை வச்சுக்கிட்டு ஓரமா நின்னேன். ஒவ்வொருத்தரா வந்து கையைப் புடிச்சாங்க. வார்டெல் வந்தான், கண்ணு கலங்கி இருந்துச்சு. நல்ல மனுஷன் போயிட்டான்னான். ஆமாம்னேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி,

"தப்பா நினைக்காத லமார். ஹாபிள்ல... இன்னும் இருக்கா?"

"என்ன?"

"இல்ல, எமெட் அவ்வளவு தூரம் அந்த முட்டியோட போயிருக்கான்னா சும்மாவா போயிருப்பான்? நம்ம ஆளுங்க ரெண்டு மூணு பேரு கேட்டாங்க."

அவனுக்குப் பின்னாடி ரெண்டு பேரு காபியைக் குடிக்கிற மாதிரி காதைத் தீட்டிக்கிட்டு நின்னாங்க.

"ஹாபிள்ல மீன் இல்ல"ன்னேன். "நாலு வருஷத்துக்கு முன்னாடியே பனியில மொத்தமும் செத்துப்போச்சு. நான் என் கண்ணால பார்த்தேன். ஒண்ணே ஒண்ணுகூட இல்ல."

வார்டெல் மரியாதையாத் தலையாட்டினான். "சரி லமார். ரொம்ப நன்றி."

"டேய், நிஜமாச் சொல்றேன்டா!"

"புரியுது. நான் யார்கிட்டயும் சொல்லலை."

"என்னடா புரியுது? அதுல ஒண்ணும் இல்லைங்கிறேன்! வெறும் தண்ணி! என் மச்சான் வெறும் தண்ணிக்குப் போய்ச் செத்தான்! என் தங்கச்சி மேல சத்தியம், போதுமா? ஹாபிள்ல மீன் இல்ல! இல்ல! இல்ல!"

தட்டு என் கையிலேர்ந்து எப்ப விழுந்துச்சுன்னு தெரியாது. நாப்பது அம்பது முகம் என்னையே பார்த்துச்சு. பொம்பளைங்க பாவப்பட்டாங்க. ஆம்பளைங்க, தூண்டில் புடிக்கிற ஒவ்வொரு ஆம்பளையும், மெதுவா, தெரிஞ்சவன் மாதிரி தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டல் எனக்கு நல்லாத் தெரியும். ஒருத்தன் நம்பலை. அடுத்த வாரம் அத்தனை பேரும் ஹாபிளுக்கு ஏறுவானுங்க.

கோரலி வந்து என் முழங்கையைப் புடிச்சா. குனிஞ்சு, கீழே சிதறின உருளைக்கிழங்கை ஒரு காகிதத்துல வழிச்சு எடுத்தா. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தா. அவ குரல்ல கோவமே இல்ல.

"இதை அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணே"ன்னா.